எல்லோருக்கும் அவசரம் இல்லை

எனக்கு வேகம் வேண்டாம். என் பொட்டலம் பத்து நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தாலும் குடிமுழுகிவிடாது. குறைந்த காசில் போக வேண்டும். போய்ச் சேர்ந்ததற்கு ஓர் அத்தாட்சி வேண்டும். அவ்வளவுதான். இந்த இரண்டையும் சேர்த்துத் தந்த வழிகள் தபால் நிலையத்தில் ஒவ்வொன்றாகச் சுருங்கி வருகின்றன. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

குமரி மாவட்டத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என்னிடம் படித்த ஒரு பையன் இப்போது ராணுவத்தில் இருக்கிறான். எந்த இடத்தில் இருக்கிறான் என்று அவன் சொல்லக் கூடாது, நானும் கேட்பதில்லை. முகவரி என்று இருப்பது அவன் பெயர், எண், படைப்பிரிவு, கடைசியில் '99 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் நிலையக் குறிப்பு மட்டுமே. தனியார் கூரியர்கள் அந்த முகவரிக்குப் போவதில்லை. ராணுவத் தபாலுக்குள் நுழைய அஞ்சல் துறையால் மட்டுமே முடியும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை அவனுக்கு நாவல்கள் அனுப்புவேன். அவன் படித்து முடித்ததும் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் மதுரைக்காரருக்குப் போகும், அவரிடமிருந்து தருமபுரிக்காரருக்கு. ஒரு முறை விடுமுறையில் வந்தபோது, நான் அனுப்பியவற்றில் ஒன்றை எடுத்துவந்து காட்டினான். ஈரத்தில் உப்பி, முதுகு பிளந்து, பசை நாடா ஒட்டிய புத்தகம். ஒரு புத்தகத்துக்கு அதைவிட நல்ல வாழ்வு கிடைத்துவிடாது.

இதெல்லாம் புக் போஸ்டில்தான், அதாவது புத்தகங்களுக்கென்று இருந்த மலிவான தபாலில்தான், பதிவு செய்து போயிற்று. பழுப்புத் தாளில் சுற்றி, சணல் கயிறு கட்டி, இரு முனைகளையும் ஒட்டாமல் விட்டு, மேலே பெரிய எழுத்தில் 'புக் போஸ்ட்' என்று எழுதுவோம். உள்ளே கடிதமோ வேறு சரக்கோ இல்லை என்று அவர்கள் பார்த்துக்கொள்வதற்காக முனையைத் திறந்து விடுவது வழக்கம். அச்சிட்ட புத்தகத்துக்கு 100 கிராமுக்கு 1 ரூபாய், பதிவு செய்ய 17 ரூபாய், அதன்மேல் வரி. ஆகமொத்தம் சுமாராக 1 கிலோ 32 ரூபாய், 2 கிலோ 45 ரூபாய், 5 கிலோ 80 ரூபாய். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கும் அதே காசு, குவாஹாத்திக்கும் அதே காசு. அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமலே நான் கணக்காகக் காசு எண்ணி எடுத்துக்கொண்டு போக முடிந்ததென்றால், காரணம் இதுதான்.

2024 டிசம்பர் 18 அன்று அது நின்றுபோயிற்று. 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தை எடுத்துவிட்டு 2023இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்கீழ் வந்த புதிய விதிமுறைகளோடு பதிவுப் புத்தக அஞ்சலும் போய்விட்டது. நான் அந்த வாரம் பொட்டலத்தோடு போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் திரையை மேலும் கீழும் இரண்டு முறை நகர்த்திப் பார்த்துவிட்டு, "டீச்சர், புக் போஸ்ட் என்ற தேர்வே இதில் இல்லை" என்றார். அவர் குரலில் என்னைவிட அதிகத் திகைப்பு இருந்தது. பதிவுப் பார்சலாக அனுப்பலாம் என்றார். 2 கிலோவுக்கு 116 ரூபாய். 45 எங்கே, 116 எங்கே! பாதிப் புத்தகங்களை வெளியே எடுத்துவிட்டு மீதியை அனுப்பினேன். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. திரையில் இல்லாத ஒன்றை அவர் எப்படிக் கொடுப்பார்?

என் இழப்பு சின்னது. சிறு பதிப்பாளர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். 48ஆவது சென்னைப் புத்தகக் காட்சி டிசம்பர் 27 அன்று தொடங்க இருந்தது. தமிழில் ஓராண்டின் புதிய புத்தகங்களில் பெரும்பகுதி வெளிவரும் பருவம் அது. சென்னைக்கு வர முடியாதவர்கள் முன்பணம் கட்டிவிட்டுத் தபாலுக்குக் காத்திருப்பார்கள். சரியாக அந்த நேரத்தில் 1 கிலோவுக்கு 32 ரூபாய் என்றிருந்தது 78 ஆயிற்று. 5 கிலோவுக்கு 80 ரூபாய் என்றிருந்தது 229 ஆயிற்று. 150 ரூபாய்ப் புத்தகத்தைத் தபால் செலவு இலவசம் என்று விற்றவர் என்ன செய்வார்? வாசகரிடம் மறுபடியும் காசு கேட்க வேண்டும், அல்லது கைநட்டம். புத்தகக் கடையே இல்லாத ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கின்றன என்பது அங்கே வசிப்பவர்களுக்குத் தெரியும். அந்த ஊர்களின் புத்தகக் கடை தபால்காரரின் பைதான்.

எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. நாலரை மாதம் கழித்து, 2025 மே 1 முதல் 'கியான் போஸ்ட்' வந்தது. ஞானம் என்ற சொல்லைத்தான் இந்தியில் அப்படி உச்சரிக்கிறார்கள். 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தூரக் கணக்கு இல்லை. தரைவழியாகப் போகும், எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று இணையத்தில் பார்க்கலாம். இதை மனதார வரவேற்கிறேன். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது அரசாங்கத்தில் அரிது, கொடுத்திருக்கிறார்கள். 5 கிலோவுக்கு 80 ரூபாய் கொடுத்தவர் வரியோடு 118 கொடுக்க வேண்டும் என்றாலும், 229க்கு அது எவ்வளவோ மேல்.

ஆனால் அதன் நிபந்தனைகளைப் படித்தபோது மனம் சுருங்கியது. கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த அச்சுப் பிரதிகளுக்கு மட்டுமே அனுமதி. சில்லறை அறிவிப்போ நூல் பட்டியலோ தவிர வேறு விளம்பரம் இருக்கக் கூடாது. அச்சகத்தின் பெயரோ பதிப்பகத்தின் பெயரோ புத்தகத்தில் இருந்தாக வேண்டும்.

நண்பர்கள் நடத்தும் காலாண்டிதழ் ஒன்றுக்கு நானும் கைகொடுக்கிறேன். கவிதை, மொழிபெயர்ப்பு, ஒரு நீண்ட நேர்காணல். அச்சுக்கூலியில் பாதியைப் பின்னட்டையில் வரும் பாத்திரக்கடை விளம்பரம் தருகிறது. அந்த ஒரு பக்கத்துக்காக மீதிப் பக்கங்கள் அத்தனைக்கும் கியான் போஸ்டில் இடமில்லை. சரி, செய்தித்தாள்களுக்கென்று சலுகைக் கட்டணம் இருக்கிறதே என்பீர்கள். 1898 சட்டம் 31 நாளுக்கு மேற்படாத இடைவெளியில் வருவதைத்தான் செய்தித்தாள் என்று ஏற்றது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவதற்கு அந்தச் சலுகை என்றைக்குமே கிடைத்ததில்லை. தமிழ் நவீன இலக்கியத்தில் பெருமைப்பட்டுக்கொள்ளும் பலவற்றை முதலில் அச்சேற்றியவை சிற்றிதழ்கள். முந்நூறு சந்தாதாரர் சேர்ந்தால் விழா எடுக்கும் இதழ்கள் அவை. அவற்றின் கணக்கில் தபால் தலைக்கு ஆகும் செலவு சின்னத் தொகை அல்ல. இதழ் தொடர்வதும் நிற்பதும் அந்தத் தொகையைப் பொறுத்திருக்கிறது. விளம்பரமே வருமானமாக இருக்கும் பெரிய வணிக இதழையும், அச்சுக்கூலிக்காக ஒரு பக்கத்தை விற்கும் சிற்றிதழையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. இத்தனை பக்கத்துக்கு இத்தனை விளம்பரம் என்று ஒரு வரம்பு வைத்தால் போதும், தீர்ந்துவிடும்.

அடுத்தது பதிவுத் தபால். 2025 செப்டம்பர் 1 முதல் அதை ஸ்பீட் போஸ்டோடு சேர்க்கப்போவதாக அறிவித்தார்கள். அக்டோபர் 1 முதல் புதிய கட்டணமும் வந்துவிட்டது. பேச்சு அடங்கிவிட்டது. புத்தகத்துக்குக் குரல் கொடுக்க எழுத்தாளர்கள் இருந்தார்கள். பதிவுத் தபாலுக்குக் குரல் கொடுக்க அப்படி யாரும் இல்லை. அதை அதிகம் நம்பியிருந்தவர்கள் முகநூலில் பதிவு எழுதுகிறவர்கள் அல்லர்.

பட்டா மாறுதலுக்கு அலைகிறவர், முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டி, கூலி பாக்கிக்கு மனுப் போடும் தொழிலாளி. இவர்களுக்குத் தேவை, மனு போய்ச் சேர்ந்தது என்ற ஒரு சீட்டு. 'உங்கள் கடிதமே வரவில்லை' என்று அலுவலகத்தில் சொல்லும்போது எடுத்து நீட்ட ஒரு ஒப்புகை அட்டை. 1897ஆம் ஆண்டுப் பொது விதிகள் சட்டத்தின் 27ஆவது பிரிவே, சரியான முகவரியிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போய்ச் சேர்ந்ததாகக் கொள்ளலாம் என்கிறது. பதிவுத் தபாலுக்கு அந்த மதிப்பு இருந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 20 கிராம் கடிதத்தைப் பதிவு செய்து அனுப்ப வரியோடு சுமார் 26 ரூபாய் ஆனது. இப்போது உள்ளூருக்குள் என்றால் 50 கிராம் வரை 19 ரூபாய். வெளியூர் என்றால் 47 ரூபாய். பெயருக்கு உரியவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று பதிவு செய்தால் இன்னும் 5 ரூபாய். இதற்குமேல் 18 சதவீத வரி. உள்ளூர்க் கடிதம் 28 ரூபாயில் முடிந்துவிடும். அதில் பெரிய குறையில்லை. ஆனால் எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு மனு அனுப்புகிறவர் 61 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். ஏழைக்கும் எட்ட வேண்டும் என்று குறைவாக வைத்தார்கள். பத்து ரூபாய் மனுவைக் கொண்டுசேர்க்க அறுபத்தொரு ரூபாய்!

இணைப்புகள் சேர்ந்து எடை 50 கிராமைத் தாண்டினால் தூரமும் கணக்கில் வந்துவிடுகிறது. 51 முதல் 250 கிராம் வரை, 200 கிலோமீட்டருக்குள் 59 ரூபாய்; 2,000 கிலோமீட்டருக்கு மேல் 77 ரூபாய். நாட்டின் தென்கோடியில் இருப்பவர் தலைநகரத்துக்கு எழுத அதிகமாகக் கொடுக்க வேண்டும். தலைநகரம் அங்கே இருப்பது அவர் குற்றமா?

இந்த நாட்டுத் தபாலின் அடிப்படையே அதற்கு நேர்மாறானது. 1854 அக்டோபர் 1 அன்று இந்தியா முழுமைக்குமான தபால் தலைகள் வந்தபோது, கால் தோலா (சுமார் 3 கிராம்) எடையுள்ள கடிதத்துக்கு அரை அணா என்று வைத்தார்கள், தூரம் எவ்வளவாக இருந்தாலும். வெள்ளைக்காரன் தன் வசதிக்குத்தான் செய்தான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த விதி மக்களுக்கு உதவியது. சரியாக 171 ஆண்டுகள் கழித்து, அதே அக்டோபர் 1 அன்று, பதிவு செய்த கனமான கடிதத்துக்குக் கிலோமீட்டர் பார்த்துக் காசு கேட்கத் தொடங்கியிருக்கிறோம்.

எங்கள் ஊர் பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்தது. இங்கே சமஸ்தானத்துத் தபாலுக்குப் பெயரே 'அஞ்சல்'. 1951இல்தான் அது இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. மணி கட்டிய கோலோடு ஓடிவரும் அஞ்சலோட்டக்காரரைப் பற்றி என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மணிச்சத்தம் கேட்டால் வழியில் போகிறவர்கள் ஒதுங்கி நிற்பார்களாம். தபாலுக்கு அப்படி ஒரு மரியாதை.

துறைக்கும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. பதிவுத் தபால்கள் 2011-12இல் 24.44 கோடியாக இருந்து 2019-20இல் 18.46 கோடியாகக் குறைந்தன. இரண்டு சேவைகளை ஒன்றாக்கினால் பிரிப்பதும் ஏற்றுவதும் எளிதாகும், தடம் பார்க்கும் வசதி மேம்படும் என்கிறார்கள். இருக்கலாம். 1.64 லட்சம் தபால் நிலையங்களை, அதில் பத்தில் ஒன்பதைக் கிராமங்களில், நடத்துவது எளிய காரியம் அல்ல. ஆனால் 18 கோடி என்பது ஆள் இல்லாமல் போன சேவையின் எண்ணிக்கை அல்லவே. ஓர் ஆண்டில் 18 கோடி முறை யாரோ ஒருவர் வரிசையில் நின்று, எனக்கு வேகம் வேண்டாம், அத்தாட்சி போதும் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் எல்லோரையும் வேகத்துக்குக் காசு கொடுக்கச் சொல்வது முறையல்ல. மெதுவாக, தரைவழியாக, தூரம் பார்க்காமல் போகும் பதிவுக் கடிதம் ஒன்றை மீண்டும் கொடுங்கள். கியான் போஸ்டில் புத்தகத்துக்கு அது முடிகிறதென்றால் மனுவுக்கு ஏன் முடியாது? இனி ஒரு சேவையை எடுப்பதாக இருந்தால், மூன்று மாதம் முன்பே தபால் நிலையச் சுவரில் தமிழில் ஒட்டுங்கள். கவுன்ட்டரில் இருப்பவரும் எங்களோடு சேர்ந்து திகைக்கும் நிலை வேண்டாம்.

பையனிடமிருந்து போன வாரம் பட்டியல் வந்தது. ஒன்பது புத்தகங்கள். எட்டைத் தேடிப் பிடித்துவிட்டேன். எடை 3 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஒன்பதாவது என் அலமாரியிலேயே இருந்தது, பழைய புத்தகக் கடையில் வாங்கியது. முதல் நான்கு பக்கங்கள் இல்லை. அச்சகத்தின் பெயரோ பதிப்பகத்தின் பெயரோ எங்கும் காணோம். அதைப் பொட்டலத்தில் சேர்க்காமல் மேசைமேல் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.