வாரம் 20 மணி நேரம் வேலை: விட்டுப்போன பாதி

"கோலாலம்பூரில் ஐடி படிக்க வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம், செலவுக்குக் கவலையே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், அண்ணே. 20 மணி நேரம் சரிதான். ஆனால் அது செமஸ்டர் விடுமுறையிலும், 7 நாளுக்கு மேல் வரும் விடுமுறையிலும் மட்டும்தான். அதற்கும் கல்லூரி வழியாகக் குடிநுழைவுத் துறையின் அனுமதி வேண்டும். வேலை செய்யக்கூடிய இடங்கள் உணவகம், பெட்ரோல் நிலையம், மினி மார்க்கெட், ஹோட்டல், அவ்வளவுதான். கேஷியர் வேலை கூடாது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் எங்கள் மாடியில் மதுரைத் தம்பி ஒருவன் இருந்தான். இதே பேச்சை நம்பி, ராத்திரி ஒரு மணி வரை ஒரு கடையில் தட்டு கழுவினான். காலை எட்டு மணி லேப் வகுப்பு அடிக்கடி தவறிவிடும். ஸ்டூடண்ட் பாஸை, அதாவது படிக்கத் தங்குவதற்கான அனுமதியை, புதுப்பிக்க 80 சதவீத வருகை வேண்டும் என்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை. அப்புறம், பாடம் ஆங்கிலத்தில்தான், ஆனால் குரூப் அசைன்மெண்ட் வாட்ஸ்அப்பில் பாதி மலாய். "எசோக் ஹந்தார்" என்று வந்ததை என்னிடம் காட்டி அர்த்தம் கேட்டான். 'நாளைக்கு அனுப்பு' என்றேன். அந்தச் செய்தி வந்தது முந்தின நாள்.

அந்த வரியைத் திருத்திவிடுங்கள், அண்ணே. அதைப் படித்துவிட்டு இன்னொரு பிள்ளை டிக்கெட் போட்டுவிடும்.