இடுப்புவலிக்கு போஸ்டர் மருந்தாகாது

"முட்டியை மடக்கித் தூக்கு, இடுப்பை வளைக்காதே" என்று சைட்டில் ஒரு போஸ்டரை ஒட்டிவிட்டால் தன் கடமை முடிந்தது என்று நினைக்கும் கான்ட்ராக்டர்களைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது. லாரியிலிருந்து 50 கிலோ சிமென்ட் மூட்டையை இறக்கி, ஈர மண்ணில் கால் புதைய நடந்து, குனிந்து, பக்கவாட்டில் திரும்பி அட்டியில் (மூட்டை அடுக்கில்) போடுகிறவர் எந்த முட்டியை மடக்குவார்? குனிந்தபடி திரும்பும்போதுதான் முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் டிஸ்க்குக்கு ஆபத்து அதிகம். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கும்போது நிதானமாகத் தூக்கச் சொல்வதிலும் அர்த்தமில்லை.

கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1998 மத்திய விதிகளின்படி ஓர் ஆண் தனியாக 55 கிலோ வரை தூக்கலாம், பெண் 30 கிலோ வரை. அதாவது சிமென்ட் மூட்டை அந்த விதிப்படி சரி! பிரிட்டனில் ஆண்களுக்கான வழிகாட்டி எடையே 25 கிலோதான். அதுவும் சுமை இடுப்பு உயரத்தில், உடம்பை ஒட்டி இருந்தால். கை நீள நீள அந்த அளவு குறையும். அங்கே சிமென்ட் 25 கிலோ பையில் விற்கிறது. இங்கும் தர விதிகளில் 25 கிலோ பைக்கு இடம் உண்டு. கடையில் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

சித்தாள்கள் பாடு இன்னும் மோசம். கலவை போடுகிறவர் சட்டியைக் கோபுரமாக நிரப்பிவிட்டு "தூக்கும்மா" என்பார். அந்த அக்கா சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு சாரத்துப் பக்கம் போய், சட்டியைத் தலைக்கு மேலே உயர்த்திக் கொடுப்பார். மேலே கொத்தனார் பலகையில் குத்தவைத்து, கையை முழுதாக நீட்டி வாங்குவார். ஒரே சட்டியில் இரண்டு பேர் இடுப்பு போகிறது. சட்டியை முக்கால்வாசி மட்டும் நிரப்ப என்ன செலவு?

(இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அடிபடாத இடுப்பை அது காப்பாற்றும் என்று நிரூபணமில்லை.)

செய்ய வேண்டியது பெரிய விஞ்ஞானமில்லை. லாரியைக் கலவை போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். அட்டியைத் தரையோடு போடாமல் பலகை கொடுத்து உயர்த்துங்கள். மூட்டைக்கு இரண்டு ஆள் போடுங்கள். ஆறு அங்குல சாலிட் கான்கிரீட் பிளாக் ஒன்றே 25 கிலோவைத் தொடும். இடம் ஒத்துவந்தால் ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக்குமிழ்கள் உள்ள இலேசான கான்கிரீட் கல்) வைக்கலாம், அதே அளவில் எடை பாதிகூட வராது.

வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒன்று. டைல்ஸுக்கு சதுர அடிக்கு எவ்வளவு என்று பேரம் பேசும்போதே, பொருள் ஏற்றும் மினி லிப்ட் வாடகையையும் கொட்டேஷனில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். தனி வரியாக இல்லாவிட்டால், முதல் வாரமே அந்தச் சுமை சித்தாள் தலையில் ஏறிவிடும்.