புளூம்பெர்க் பற்றிய ஃபார்வர்டு: பாதி பொய், பாதி திரிப்பு

நியூயார்க்கின் முன்னாள் மேயர் மைக்கேல் புளூம்பெர்க், பதவியில் இருந்துதான் கோடீஸ்வரரானார் என்றும், மூன்றாவது முறை தேர்தலே இல்லாமல் நாற்காலியில் ஒட்டிக்கொண்டார் என்றும் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டும் தவறு.

1981இல் சாலமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி அவரை வேலையைவிட்டு அனுப்பியது. பங்குதாரர் என்ற முறையில் சுமார் 1 கோடி டாலர் கைக்கு வந்தது. அந்தப் பணத்தில் தொடங்கியதுதான் பங்குச்சந்தைத் தகவல் தரும் கணினி முனையத் தொழில். 2002 ஜனவரியில் மேயரானபோதே அவர் பெரும் பணக்காரர். மேயர் சம்பளமாக வாங்கியது ஆண்டுக்கு 1 டாலர். அவருடைய நிறுவனத்தின் மதிப்பு அப்போதும் ஏறியது உண்மை. அது பதவி தந்த வருமானம் அல்ல.

மூன்றாம் முறைக்கு வருவோம். இரண்டு முறைதான் என்று மக்களே வாக்களித்து வைத்திருந்த வரம்பை, 2008இல் நகர மன்றம் 29–22 என்ற வாக்கில் தளர்த்தியது. எனக்கும் அது உவப்பானதல்ல. ஆனால் 2009இல் தேர்தல் நடந்தது. எதிர்த்துப் போட்டியிட்ட பில் தாம்சனை 5 சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் வென்றார். 2010இல் மக்கள் பழைய வரம்பையே மீட்டார்கள்.

நியூயார்க் தேர்தல் வாரியத்தின் முடிவுகளிலும் நகர மன்றப் பதிவுகளிலும் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.