அரை மணிக்கு ஒருதரம் பார்க்க வேண்டிய பரிசோதனையும் அஞ்சே கால் பஸ்ஸும்

போன வாரம் தங்கச்சி மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். திருநெல்வேலிப் பக்கம் அபிஷேகப்பட்டியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பிராஜெக்ட்டுக்கு என்ன எடுத்திருக்கே என்று கேட்டேன். அவள் முதலில் ஆசைப்பட்டது பாக்டீரியா பெருகுவதைக் கணக்கெடுக்கிற வேலை. சத்துள்ள ஒரு திரவத்தில் கொஞ்சம் பாக்டீரியாவை விட்டுவிட்டு, அரை மணிக்கு ஒருதரம் எடுத்து, எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று கருவியில் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டே வர வேண்டும். முதலில் மந்தமாக இருக்கும், பிறகு மளமளவென்று ஏறும், அப்புறம் ஓய்ந்துவிடும். நடுவில் எழுந்து போய்விட்டால் அந்த நாள் பூராவும் வீண். காலை பத்தரைக்குத் தொடங்கினால் முடிய ராத்திரி ஏழு, எட்டு ஆகும். இதையெல்லாம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“அப்போ அதையே எடுக்க வேண்டியதுதானட்டி?”

“இல்ல பெரியம்மா. அஞ்சே கால் பஸ்ஸ விட்டா வீடு வந்து சேர ஒம்போதாயிருது. அம்மா வாசல்லயே நிக்கா. அதான் வேற எடுத்துட்டேன். இதுல மூணு மணியோட வேல முடிஞ்சிரும்.”

இதை அவள் ஒரு குறையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருந்தது, குடை எடுத்துக்கிட்டேன் என்பதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தலைப்பை இப்போது அவளோடு படிக்கிற ஒரு பையன் எடுத்திருக்கிறான். நன்றாகவே செய்வான், அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவனிடம் பைக் இருக்கிறது.

2001-லிருந்து 2003 வரை நானும் அதே வழியில்தான் போய்வந்தேன். எங்கள் வீடு பாளையங்கோட்டை சமாதானபுரம். அங்கிருந்து பாளை பஸ் ஸ்டாண்ட், முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், சுலோசன முதலியார் பாலத்தில் தாமிரபரணியைத் தாண்டி ஜங்ஷன். அங்கே இறங்கி அடுத்த பஸ். ஈரடுக்கு மேம்பாலம், ஆர்ச், டவுன், காட்சி மண்டபம், பேட்டை, பழைய பேட்டை, அப்புறம் தென்காசி ரோடு. ஊரைக் கிழக்கு மேற்காக முழுசாக அறுத்துக்கொண்டு போகிற பயணம். தூரம் என்று பார்த்தால் 17, 18 கிலோமீட்டர்தான் வரும். அதற்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஆனி மாதம் தேரோட்டத்துக்கு ரத வீதியை அடைத்துவிட்டால் பஸ் சுற்றிக்கொண்டு போகும், அன்றைக்கு முதல் வகுப்பை மறந்துவிட வேண்டியதுதான்.

இந்த ஒன்றரை மணியில் பஸ் ஓடுகிற நேரம் ஐம்பது நிமிஷம். மிச்சமெல்லாம் நிற்கிற நேரம். பாளையில் நிற்பது, ஜங்ஷனில் நிற்பது, சாயங்காலம் பல்கலைக்கழக ஸ்டாப்பில் நிற்பது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டை ஸ்மார்ட் சிட்டி வேலைக்காக இடித்துப்போட்டிருந்த வருஷங்களில் நிற்பதற்கு ஒரு நிழல்கூட இல்லை, எந்த பஸ் எந்த முக்கில் வரும் என்று ஓடி ஓடிப் பார்க்க வேண்டியிருந்தது. ஆற்றைக் கடக்கப் படகுக்குக் காத்துக்கிடந்த ஊர் இது. அந்த நிலைமையைப் பார்க்கச் சகிக்காமல் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் 1843-ல் திறந்தது. ஜங்ஷனில் அடுத்த பஸ்ஸுக்காக அரை மணி, முக்கால் மணி நின்ற நாளிலெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். பாலம் இருக்கிறது, ஆனால் காத்துக்கிடப்பது மட்டும் அப்படியே இருக்கிறதே என்று.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதன் அருமை எனக்குத் தெரியும். நான் படித்த காலத்தில் அம்மா தினமும் காலையில் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து சில்லறையை எண்ணி வைப்பாள். மாதக் கடைசியில் என் கைக்கு வருகிற நாணயம் குறைந்துகொண்டே போகும். இன்றைக்குத் தங்கச்சி மகள் அப்படி யார் கையையும் பார்க்க வேண்டாம். வீட்டு வேலைக்குப் போகிற அக்காமார், மார்க்கெட்டுக்குக் கீரைக்கட்டோடு போகிற ஆச்சிமார், எல்லாருக்கும் அது மாதத்தில் சில நூறு ரூபாய். அதை இளக்காரமாகப் பேசுகிறவர்களிடம் நான் நேருக்கு நேர் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்.

ஆனால் டிக்கெட் இல்லாத அந்த பஸ் ஆறு மணிக்கு மேல் வர வேண்டுமே! போன கார்த்திகையில் ஒருநாள் இவள் லைப்ரரியில் இருந்துவிட்டு வெளியே வர ஆறு மணி தாண்டிவிட்டது. நன்றாக இருட்டிவிட்டது. ஸ்டாப்பில் இவளும் இன்னும் இரண்டு பிள்ளைகளும். தென்காசியிலிருந்து வருகிற ரூட் பஸ் ஒன்று கூட்டத்தோடு நிற்காமல் போனது. அடுத்ததும் அப்படியே. டவுன் பஸ் ஒன்று தள்ளிப் போய் நின்றது, இவர்கள் ஓடிப்போய்ச் சேருவதற்குள் எடுத்துவிட்டார்கள். கடைசியில் ஒரு ரூட் பஸ்ஸில் காசு கொடுத்து ஏறி, படியை ஒட்டி நின்றுகொண்டே ஜங்ஷன் வந்தார்கள். அந்த பஸ் கண்டக்டரைச் சொல்ல வேண்டும். “உள்ள வாங்கம்மா, படியில நிக்காதிய” என்று இரண்டு ஆட்களை எழுப்பி உட்காரவைத்தாராம். அந்த அண்ணாச்சி நன்றாக இருக்கட்டும். ஆனால் அன்றோடு இவள் லைப்ரரியில் உட்காருவதை நிறுத்திவிட்டாள்.

சைக்கிளில் போகலாமே என்று கேட்பீர்கள். கல்லூரி நாளில் பாளைக்குள்ளேயே நான் சைக்கிளில்தான் திரிந்தேன். என் தம்பி பேட்டையில் படித்தபோது மூன்று வருஷமும் சமாதானபுரத்திலிருந்து மிதித்தான். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று வரும் பாருங்கள், அதை எதிர்த்து மேற்கே மிதிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆர்ச் தாண்டியதும் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும் என்பான். சாயங்காலம் திரும்பும்போது அதே காற்று முதுகைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிடும், பெடலில் சும்மா காலை வைத்திருந்தால் போதும். அவன் போன பாதையில் ஈரடுக்கு பாலத்தின் கீழ்த்தளம் ஒரு வரம். பஸ்ஸும் லாரியும் மேலே போய்விடும், சைக்கிளும் சின்ன வண்டிகளும் கீழே. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் பாலம் கட்டியவர்கள் சைக்கிள்காரனையும் மனசில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பழைய பேட்டையிலிருந்து தென்காசி வரை நாலுவழிச் சாலை போட்டபோது மரங்கள் போயின, ரோடு அகலமானது. பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் ஒரு பிள்ளை அந்த ரோட்டில் பயமில்லாமல் போக முடியுமா?

அந்த சைக்கிள் திட்டம் 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்தது. இவளுக்கும் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிகிறவரை அதுதான் அவளுக்குக் கால். இப்போது தங்கச்சி வீட்டுச் சுவரில் காற்றிறங்கிச் சாய்ந்து நிற்கிறது, மேலே துணி காய்கிறது. பாளை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அதில் வந்து, பூட்டிவிட்டு பஸ் ஏறினால் காலையில் இருபது நிமிஷம் மிச்சமாகும். அங்கே சைக்கிளை நம்பி விட்டுப்போக ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

பெண்பிள்ளைகள் ஆறு மணிக்கு மேல் அங்கே என்ன செய்கிறார்கள் என்று எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் கேட்டார். படிக்கிறார்கள், மாமா. லேபில் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. லைப்ரரியில் வெளியே எடுத்துப்போக முடியாத புத்தகம் இருக்கிறது. பகலெல்லாம் வகுப்பு, அப்புறம்தான் நிம்மதியாக உட்கார நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில்தான் நான் என் பாடத்தில் உருப்படியாக ஏதாவது கற்றுக்கொண்டிருக்க முடியும். நான் அஞ்சு மணிக்கே எழுந்து ஓடினேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இவளும் அதே நேரத்துக்கு எழுந்து ஓடுகிறாள்.

அதனால் வருகிற திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கப் போகிறேன். சாயங்காலம் ஆறரைக்கு ஒன்று, எட்டு மணிக்கு ஒன்று, பல்கலைக்கழக வாசலிலிருந்து ஜங்ஷனில் மாறாமல் நேராகப் பாளைக்கு இரண்டு டவுன் பஸ். இருட்டிய பிறகு அந்த ஸ்டாப்பில் எல்லா பஸ்ஸும் நின்று போக வேண்டும். ஸ்டாப்பில் நல்ல வெளிச்சம். பாளை பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் விட ஒரு கூரை. இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

இந்த வழியில் போய்வருகிற பிள்ளைகள், அவர்களுடைய அம்மா அப்பா யாராவது இதைப் படித்தால், எந்த ஸ்டாப்பில் எத்தனை மணிக்கு நின்றீர்கள், எந்த நேரத்து பஸ் நிற்காமல் போனது என்று ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் கீழே எழுதுங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன். அந்தப் பையன் பாக்டீரியா வேலையைத் தை மாதம்தான் தொடங்குகிறானாம். தலைப்பை மாற்றிக்கொள்ள இன்னும் நாள் இருக்கிறதா என்று அவளிடம் கேட்டிருக்கிறேன்.