பார்க்க ஒன்றுமில்லாத ஊராம்

அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பலர் அனுப்பியும் வைத்தீர்கள். ஏர்வாடியிலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில் கீழக்கரையில் வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே கண்ணாடியை இறக்கி, "இங்கே பார்க்க ஒன்றுமில்லை, பத்து நிமிடம் போதும்" என்று தீர்ப்பெழுதிவிட்டார் ஊர் ஊராகப் போய்க் காணொளி போடும் அந்தத் தம்பி. காணொளியின் கீழே பணிவாகத்தான் மறுத்து எழுதினேன். "வேலை வெட்டி இல்லாதவர்கள் நடந்து பாருங்கள்" என்று பதில் வந்தது. ஆம், ஓய்வு பெற்றவன்தான். தனியாக, அவசரமில்லாமல் நடக்க எனக்கு நேரம் இருக்கிறது. நடக்காதவர் எங்கள் ஊருக்கு மதிப்பெண் போட வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது.

வள்ளல் சீதக்காதி கட்டியதாகச் சொல்லப்படும் ஜும்மா பள்ளி, நெடுஞ்சாலையில் விரையும் வண்டிக்குத் தலை காட்டாது. சந்துகளுக்குள் நடந்துதான் சேர வேண்டும். தொழுகை முடியட்டும் என்றார்கள், காத்திருந்தேன். கோயில் மண்டபங்களில் பார்த்துப் பழகிய அதே கருங்கல் தூண்களும் அவற்றின் தலையில் அமரும் போதிகைகளும் அங்கேயும் நிற்கின்றன. ஆனால் செதுக்கியிருப்பதெல்லாம் பூவும் கொடியும்தான், மனித உருவம் ஒன்றுகூட இல்லை. சீதக்காதியின் நண்பரும் ராமநாதபுரத்து மன்னருமான கிழவன் சேதுபதி எழுப்பிய இராமலிங்க விலாசம் என்ற அரண்மனை ராமநாதபுரத்தில் இருக்கிறது. தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், சேதுபதியைக் காண வந்த ஐரோப்பியர், இராமாயணக் காட்சிகள் எனச் சுவரெல்லாம் ஓவியம். பள்ளியின் கல்லையும் அரண்மனையின் சுவரையும் பார்த்தவனுக்கு அந்த இருவரின் நட்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. தம்பிக்குப் பத்து நிமிடம்!

"வெயிலில் எப்படி நடப்பது?" என்று கேட்பார்கள். ராமநாதபுரத்து வெயிலை எனக்கா சொல்கிறீர்கள்? காலை ஆறரை மணிக்குக் கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், பதினொரு மணிக்கு நிழலில் ஒதுங்குங்கள். "வழிகாட்டி இல்லாமல் என்ன புரியும்?" என்பார்கள். அன்று சந்தில் நின்றிருந்த ஒரு பெரியவர் "யார் வீட்டுக்கு வந்தீக?" என்று கேட்டார். சும்மா ஊர் பார்க்க வந்தேன் என்றதும் திண்ணையில் உட்கார வைத்துவிட்டார். சங்கு குளித்தவராம். காலில் அலுமினியத் தகட்டைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, 'அப்பா தீவு' என்ற தீவின் பக்கம் கடலடியில் துழாவிய கதையை அவர் சொல்லி முடிக்கும்போது, வாங்கி வைத்திருந்த தொதல் இனிப்பு பாதி காலியாகியிருந்தது. குழுவாக வந்திருந்தால் அவர் கூப்பிட்டிருக்கவே மாட்டார். பெண்கள் இப்படித் தனியாக நடக்க முடியுமா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். அதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். காலில் வலியுள்ளவர்களை நான் குறை சொல்லவில்லை. காரை விட்டு இறங்க மனமில்லாதவர்களைத்தான் சொல்கிறேன்.

உண்மையில் என்னைச் சுடுவது அந்தத் தம்பியின் பேச்சு மட்டுமன்று. அரசு வேலையில் தவறு செய்தவனை மிரட்ட, "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று எங்கள் மாவட்டத்தைத்தானே தலைமுறை தலைமுறையாகக் காட்டினார்கள்! நான் பணியாற்றிய அலுவலகத்திற்கு மாற்றலாகி வந்த மேலதிகாரி ஒருவர், முதல் நாளே, "நான் என்ன பாவம் செய்தேன், இங்கே தள்ளிவிட்டார்கள்?" என்று எங்கள் முகத்தைப் பார்த்தே கேட்டார். இங்கேயே பிறந்தவர்கள் என்ன பாவம் செய்தோம் என்று கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை. அழகன்குளத்து மண்ணைத் தோண்டினால் ரோமானியக் காசு கிடைத்த ஊர் ஐயா இது! அவர் இருந்த காலம் முழுவதும் வீடு, அலுவலகம், சனிக்கிழமை மதுரைப் பேருந்து, அவ்வளவுதான். அரண்மனை வாசலைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் ஊரைப் பற்றி மட்டும் எல்லாம் தெரியும்.

"ஒரு காணொளிக்கு இவ்வளவு கோபமா?" என்று சிலர் கேட்பீர்கள். ஆம், இவ்வளவு கோபம்தான். என் மறுப்பையும் இன்று காலை நீக்கிவிட்டார்கள். அடுத்த காணொளி ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரமாம். அங்கே 1212 தூண்கள் இருக்கின்றன. தம்பி வண்டியை எங்கே நிறுத்திக் கண்ணாடியை இறக்கப்போகிறார் என்று பார்க்கலாம்.