ஒரு பாயிண்டை அளந்து வைக்க மனமில்லையா?

என் பழைய ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிளில், பிளக்கில் பொறி விழுவதற்காக மின்சாரத்தைச் சரியான கணத்தில் துண்டிக்கும் சிறு சாமான்தான் பாயிண்ட். அந்தப் பாயிண்டின் இடைவெளியை அளந்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரமான மேக்னெட்டைக் கையால் திருப்ப வேண்டும், பாயிண்ட் முழுதாகத் திறக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் தகட்டை நுழைத்துப் பார்த்துத் திருகை இறுக்க வேண்டும். அவ்வளவுதான். கண்ணாடிக் குவளையில் ஊற்றிய தே தாரிக் ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை. அதைச் செய்யாமல் மூடியை மாட்டி, காசை எண்ணி வாங்கிக்கொண்டு, "பழைய மோட்டார் அண்ணே, இனிமேல் இப்படித்தான் ஓடும்" என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டான் பட்டறைக்காரன் ஒருவன். நேற்று இரவு வேலை முடிந்து தீவிலுள்ள பாயான் லெப்பாஸிலிருந்து திரும்பும்போது, பினாங்குப் பாலத்தின் நடுவில், கீழே கடலும் பக்கத்தில் லாரிகளுமாக நான் நின்றேன். இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

சி70 வைத்திருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. காலையில் ஓர் உதையில் உயிர் பெறும். சூடேறியதும் இருமும், சைலன்சரில் வெடிக்கும், மேட்டில் மூச்சை விடும். கொஞ்சம் ஆறவிட்டால் மறுபடியும் ஓடும். பெட்ரோல் தாராளமாக வருகிறது, கார்புரேட்டரையும் கழுவியாயிற்று, பிளக்கைக் கழற்றி எஞ்சின் தலையில் வைத்து உதைத்தால் பொறி மஞ்சளாக மெலிந்து வருகிறது. மேக்னெட்டின் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பாயிண்டின் இரண்டு முகங்களும் கருகிக் கிடந்தன. ஒன்றில் குழி, மற்றதில் மேடு. கண்டென்சர் சாகும்போது பாயிண்டின் முகம் இப்படித்தான் ஆகும். பாயிண்ட் திறக்கும் அந்தக் கணத்தில் மின்சாரம் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அதை உள்வாங்கி அடக்குவது கண்டென்சரின் வேலை. அது அடக்காவிட்டால் பிளக்கில் விழ வேண்டிய பொறியின் வலு பாயிண்டிலேயே எரிந்து போகும். ஆகவே இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். மோட்டார் பழுதுபார்த்துப் பிழைக்கிற எவனுக்கும் இது பாலபாடம்.

சாமான் வாங்கப் போனால் அங்கே வேறு அவமானம். பாயிண்ட் என்று வாயைத் திறந்ததும், "இன்னுமா இதை ஓட்டுகிறீர்கள்?" என்கிறார் கடைக்காரர். ஆமாம், ஓட்டுகிறேன். 72 சிசி எஞ்சின், பெட்ரோலைக் குடிப்பதில்லை, நான் கேட்ட இடத்துக்கெல்லாம் கொண்டுபோய் விடுகிறது. எதற்காக நிறுத்த வேண்டும்? பினாங்குத் தொழிலதிபர் லோ பூன் சியூ 1958-இல் ஹோண்டா கப் மோட்டார்களை மலாயாவுக்குக் கொண்டுவந்தது இந்தப் பினாங்கிலிருந்துதான். ரப்பர் தோட்டத்திலிருந்து துறைமுகம் வரை நம் தகப்பன்மாரை ஏற்றி இறக்கிய வண்டி இது. சூப்பர் கப் வகையில் மட்டும் 2017-க்குள் பத்துக் கோடி மோட்டார்கள் உற்பத்தியாகிவிட்டன. உலகத்தில் வேறெந்த மோட்டார் வாகனமும் இத்தனை எண்ணிக்கையில் பிறந்ததில்லை. அதற்கு ஒரு பாயிண்ட் கேட்டால், அருங்காட்சியகத்திலிருந்து எழுந்து வந்தவனைப் பார்ப்பதைப்போல என்னை ஏன் பார்க்க வேண்டும்? கடைசியில் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். மேலே அச்சடித்த எழுத்து கோணலாக இருந்தது. உள்ளே இருந்த பாயிண்டின் கைப்பிடி இலேசாக அழுத்தினாலே வளைந்தது. அசல் இருக்கிறதா என்று கேட்டேன். "எல்லாம் ஒன்றுதான்." எல்லாம் ஒன்றில்லை! தேடி அலைந்து, வேறொரு கடையின் பின்னலமாரியில் கிடந்த பழைய சரக்கு பாயிண்டையும் கண்டென்சரையும் கூடுதல் விலை கொடுத்து வாங்கி வந்தேன்.

மேக்னெட்டைக் கழற்றும் புல்லர் என்னுடையது மேல்மாடிக்காரர் வீட்டில் மாதக்கணக்கில் தங்கிவிட்டது. அதனால்தான் பட்டறைக்குப் போனேன். அங்கே நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது.

முதலில் அந்தப் பட்டறைக்காரன் சுத்தியலை எடுத்தான். மேக்னெட்டின் நட்டைக் கழற்றிவிட்டு அதன் விளிம்பில் ஓர் அடி, எதிர்ப்பக்கம் ஓர் அடி. கிராங்க் தண்டின் நுனி கெட்டுப் போகும், காந்தம் பலவீனமாகும், புல்லர் வைத்துக் கழற்று என்று கத்தினேன். "எல்லாருக்கும் இப்படித்தான் அண்ணே கழற்றுகிறோம்" என்றான். எல்லாருடைய மோட்டாரையும் இப்படித்தான் கெடுக்கிறீர்களா? நான் எழுந்து நின்ற பிறகு உள்ளே போய்ப் புல்லரைக் கொண்டுவந்தான். இருந்திருக்கிறது! பட்டறையிலேயே இருக்கிற கருவியை எடுக்க எழுந்து நடக்கச் சோம்பல், அதற்காக என் கிராங்க் தண்டு அடி வாங்க வேண்டும்.

பிறகு பாயிண்டை மாட்டினான். நான் இடைவெளியைக் கேட்டேன். 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும்; 0.35-இல் வைத்துவிடு தம்பி என்றேன். தரையில் கிடந்த சிகரெட் பெட்டியிலிருந்து ஓர் அட்டையைக் கிழித்து நுழைத்தான். அழுத்தினால் நசுங்குகிற அட்டை எப்படி அளவாகும்? எண்ணெயில் ஊறிய அட்டைக்கும் காய்ந்த அட்டைக்கும் ஒரே தடிப்பா? ஃபீலர் கேஜ் இல்லையா என்றால், "கண்ணுக்கே தெரியும் அண்ணே" என்கிறான். தலைமயிரைவிடச் சில மடங்குதான் பெரிய இடைவெளி அது. எந்தக் கண்ணாலும் அதைச் சரியாக அளக்க முடியாது. பாயிண்டின் குதிகால், அதைத் தள்ளித் திறக்கும் கேமின்மேல் உரசும் இடத்தில் ஒரு துளி கிரீஸ் வைக்கச் சொன்னேன். வைக்கவில்லை. பொறி விழ வேண்டிய இடத்தைக் காட்டும், மேக்னெட்டிலுள்ள எஃப் குறி எஞ்சினின் குறிக்கு நேராக வரும்போதுதான் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும், அதையாவது பார் என்றேன். அதற்குள் மூடி போட்டாயிற்று.

இந்த நான்கு வேலைகளில் ஒன்றை விட்டாலே எஞ்சினுக்குத் தொல்லைதான். கிரீஸ் இல்லாத குதிகால் சீக்கிரம் தேயும். தேய்ந்தால் இடைவெளி குறுகும். குறுகினால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறி விழும் நேரமான டைமிங் பின்னுக்குப் போகும், எஞ்சின் சூடாகிச் சோர்ந்துபோகும். அப்படியே நடந்தது. ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒவ்வொரு மேடும் பாரமாயிற்று.

நேற்றிரவு அது பாலத்திலேயே நின்றது. 1985-இல் திறந்த அந்தப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். நடுவில் கப்பல் போவதற்காக உயர்ந்து வளைந்திருக்கும் பகுதியை நெருங்கும்போது எஞ்சின் அணைந்தது. உதைத்தேன், உதைத்தேன், கால் கடுத்தது. மோட்டார் பாதையின் ஓரமாகத் தள்ளிக்கொண்டு அந்த மேட்டில் ஏறினேன். காற்று தள்ளுகிறது, தூறல் போடுகிறது, பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். ஆறவிட்டு உதைத்தால் கொஞ்ச தூரம் போகும், மறுபடியும் அணையும். மறுகரையிலுள்ள பிறை ஊரில் இறங்கி வீட்டுக்கு வரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. வீட்டில் எல்லோரும் விழித்துக்கொண்டு பயந்துபோய் இருந்தார்கள். அந்தப் பயத்துக்கு யார் பதில் சொல்வது?

இன்று காலை மேல்மாடிக்காரரின் கதவைத் தட்டிப் புல்லரை வாங்கி வந்து மேக்னெட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்தது பழைய கண்டென்சர். பழைய துரு, பழைய ஈயப் பற்று, எல்லாம் அப்படியே. நான் தேடி வாங்கிக் கையில் கொடுத்த புதியதை அவன் மாட்டவேயில்லை! மாற்றியதற்குக் கூலி வாங்கியிருக்கிறான், பில்லில் எழுதியிருக்கிறான். அதை மாற்ற வேண்டுமானால் ஈயம் வைத்துக் கம்பியைப் பற்றவைக்க வேண்டும். அந்த அலுப்பு அவனுக்கு ஆகவில்லை. புதிய பாயிண்டின் முகம் இப்போதே கருகத் தொடங்கிவிட்டது. நேராகப் பட்டறைக்குப் போய்க் கேட்டேன். முதலாளி வெளியே வந்து, மோட்டாரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "பழைய மோட்டார். விற்றுவிட்டுப் புதியது எடுங்கள்" என்றார்.

எடுக்க மாட்டேன். மோட்டாருக்கு வயதாகிவிட்டது என்பது, வாங்கிய காசுக்கு வேலை செய்யாததற்குக் காரணமா? செய்ய வராது என்றால் வராது என்று முதலிலேயே சொல்லுங்கள், நான் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். என் கண்டென்சரையாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். தேடிப் பார்க்கிறோம் என்கிறார்கள். அது இன்று கிடைக்காவிட்டால் நாளை இரவு நான் எதில் வேலைக்குப் போவது?

இந்த எரிச்சலோடு ஃப்ளாட்டுக்குத் திரும்பினால், கீழே மோட்டார் நிறுத்தும் இடத்தில் யாரோ ஒரு பழைய சோபாவைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். மூன்று பேர் உட்காரும் சோபா, மழையில் நனைந்து நாறுகிறது, நான்கு மோட்டார்கள் நிறுத்தும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. குப்பை லாரி எடுக்காது என்று எல்லோருக்கும் தெரியும், போட்டவருக்கும் தெரியும். யார் போட்டீர்களோ, இன்று சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு மாடியாக ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டுவேன்.