பாம்பேயில் மனிதர்கள் கல்லாகவில்லை

“எரிமலைக் குழம்பு பட்டு நொடியில் கல்லாகிப்போன மனிதர்கள்” என்று இத்தாலியின் பண்டைய ரோமானிய நகரமான பாம்பேயின் உருவங்களின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது நகரை மூடியது குழம்பு அல்ல, நுரைக்கல்லும் சாம்பலும்தான்.

நுண்சாம்பல் உடலைச் சுற்றி இறுகியது. சதை மட்கியதும் உடலின் வடிவிலேயே ஒரு பொந்து மிஞ்சியது, உள்ளே எலும்புகளோடு. 1863-இல் தொல்லியலாளர் ஜுசெப்பே ஃபியொரெல்லி அந்தப் பொந்துகளில் ஜிப்சக் கரைசலை ஊற்றி, இறுகியபின் சுற்றியிருந்த சாம்பலை அகற்றினார். துணி மடிப்புகூடத் தெரிகிறதே, அது சாம்பலில் பதிந்த அச்சு. கரைசல் கெட்டியானால் விரல் நுனிவரை ஓடாது. நீர்த்துப்போனால் எலும்பைத் தாங்காது. அடியில் கிடக்கும் நுரைக்கல் அடுக்கில் இது பலிக்காது: உதிரிக் கற்களில் அச்சு நிற்பதில்லை, அங்கே எலும்புக்கூடுகளே கிடைக்கின்றன.

படத்தோடு வரும் “தாயும் பிள்ளையும்” கதையும் நம்பத்தக்கதல்ல. பொன் காப்பு அணிந்த அந்த உருவம் ஓர் ஆண், அருகிலிருந்த குழந்தைக்கு இரத்த உறவும் இல்லை என்று 2024-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஜிப்சத்துக்குள் எலும்பு இருந்ததால்தான் அதைச் சோதிக்கவே முடிந்தது.